கெட்டிக்காரன் வந்த பண்ணை

சபரிநாதன் வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் குமரகுருவுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பண்ணையில் வேலை செய்யும் ஆராயி அவனுக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தாள். பத்தொன்பது வருஷமாக இந்த நாமகிரிப்பேட்டைக் கோழிப்பண்ணைக்கு மேனேஜராக இருக்கிற குமரகுருவுக்கு அவள் கொடுப்பது பேப்பர் கப்பில்.

“ஏன் ஆராயி, எனக்கு மட்டும் எதுக்கு பேப்பர் கப்பு?”

“நீங்க குடிச்சுக்கிட்டே ஓடுவீங்க சார். டம்ளரு அப்பறம் தீவன மூட்டைக்குள்ள கெடக்கும். அந்தத் தம்பி பாருங்க, நின்னு நிதானமாக் குடிக்குது.”

குமரகுரு பார்த்தார். சபரிநாதன் உண்மையிலேயே நிதானமாகத்தான் குடித்துக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். நல்ல உயரம். கோழிப்பண்ணைக்கு யாராவது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வருவார்களா? வந்திருந்தான். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒரு வாய் டீ குடிப்பதும், ஷெட்டின் கூரையை அண்ணாந்து பார்ப்பதும், தனக்குத்தானே லேசாகத் தலையை ஆட்டிக்கொள்வதுமாக நின்றான். கூரையில் அப்படி என்ன இருக்கிறது என்று குமரகுருவும் அண்ணாந்து பார்த்தார். கூரைதான் இருந்தது.

முந்தின நாள் முதலாளி வேலுசாமி போன் செய்திருந்தார். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து அவருக்கு ஒன்பது பண்ணைகள்.

“குமரு, வாழப்பாடிப் பண்ணையிலருந்து ஒரு ஆள அனுப்பறேன். உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும். சபரிநாதன்னு பேரு. பயங்கரக் கெட்டிக்காரனாமா. அங்க மேனேஜர் தனசேகரு அவனப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கறான். உடவே மனசில்லாம உடறானாமா.”

“சரிங் மொதலாளி.”

“அவங்கிட்ட எதாவது கத்துக்க.”

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் குமரகுரு இரவெல்லாம் புரண்டார். பத்தொன்பது வருஷத்தில் முதலாளி அவரைப் பாராட்டிச் சொன்ன உச்சபட்ச வார்த்தை, “சரி, போன வெய்யி.” அதற்கு முன்னால் குமரகுரு தொண்ணூற்றிரண்டு சதவீதம் முட்டை என்று கணக்குச் சொல்லியிருப்பார். நூறு கோழிக்குத் தொண்ணூற்றிரண்டு முட்டை. அதை ஒரு நாள் சொன்னால் சாதனை. தினமும் சொன்னால் யார் கண்டுகொள்வார்கள்?

சரி, ஆளைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

மூன்றாம் ஷெட்டில் ஒரு சின்னத் தொல்லை இருந்தது. கூண்டு வரிசைகள் நெடுக ஒரு தண்ணீர்க் குழாய் ஓடும். அதில் வரிசையாக நிப்பிள்கள். கோழி அலகால் முட்டினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். கடைசி இருபது கூண்டுகளுக்கு அது சரியாக வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிற தொல்லைதான். குழாயின் கடைசி மூடியைக் கழற்றி, தண்ணீரை வேகமாக விட்டு, உள்ளே படிந்த பாசியைக் கழுவிவிட்டால் தீர்ந்தது. குமரகுரு அரை மணி நேரத்தில் செய்துவிட்டு மறந்துபோகிற வேலை.

அன்றைக்கு அதைச் செய்யாமல் சபரிநாதனை அழைத்துக்கொண்டு போனார்.

சபரிநாதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து இரண்டு தடவை தட்டினான். காதை வைத்துக் கேட்டான். முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அட்டையைக் கீழே வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

“பிரஷர் பத்தலைங்க சார்,” என்றான். “ஏத்தி உட்டா கடைசி வரைக்கும் போயிரும். நாளைக்குக் காலைல பாக்கலாங்க.”

“அம்புட்டுத்தானா!” என்றாள் ஆராயி. “நாங்க வருசா வருசம் பாசியக் கழுவிக்கிட்டுக் கெடக்கறோம்.”

குமரகுரு குழாயை இன்னொரு தடவை பார்த்தார். எவ்வளவு எளிய யோசனை! இத்தனை வருஷம் தனக்கு ஏன் தோன்றவில்லை? நாளைக்குக் காலையில் இவன் ஒரு திருகைத் திருகுவான், தண்ணீர் பாயும், ஆராயி டம்ளரோடு ஒரு சொம்பும் சேர்த்துக் கொடுப்பாள். செய்தி முதலாளி காதுக்குப் போகும்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் குமரகுருவின் வண்டி பண்ணை வாசலில் நின்றது. நேராகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த பிரஷர் திருகை ஒரு சுற்றுச் சுற்றினார். சபரிநாதனும் ஒரு சுற்றுத்தானே சுற்றுவான் என்று தோன்றியது. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

தண்ணீர் கடைசிக் கூண்டு வரைக்கும் பாய்ந்தது. உடனே முதலாளிக்குப் போன் போட்டார்.

“மொதலாளிங், மூணாம் ஷெட்டுத் தண்ணிப் பிரச்சினைய நானே தீத்துட்டனுங்க.”

“அப்படியா? அந்தப் பையன் வந்து சேந்துட்டானா? எப்படி, ஆளு பட்டாசா இருக்கானா?”

மத்தியானத்துக்குள் நிப்பிள்கள் ஒவ்வொன்றாக மூட மறுத்தன. கோழி முட்டினாலும் சொட்டியது, முட்டாவிட்டாலும் சொட்டியது. கூண்டுக்குக் கீழே காய்ந்து கிடக்க வேண்டிய எச்சமெல்லாம் கூழாகிவிட்டது. திருகைப் பழையபடி இறக்கினால் ஏற்றியது தப்பு என்று ஆகிவிடும். ஆகவே குமரகுரு பாதி மட்டும் இறக்கினார். பாதிதான் நின்றது.

“அந்தத் தம்பி ஏத்தியிருந்தா அளவா ஏத்தியிருக்குங்க,” என்றாள் ஆராயி, யாரையும் பார்க்காமல்.

சபரிநாதன் கூழைப் பார்த்தான். தலையை லேசாக ஆட்டினான். அந்தத் தலையாட்டல் குமரகுருவுக்கு ஆராயியின் பேச்சைவிட அதிகமாக வலித்தது.

ஐந்தாம் நாள் ஈ வந்தது. சாதாரணமாக வரவில்லை, ஊர்ப் பொதுக்கூட்டத்துக்கு வருகிற மாதிரி வந்தது. மூன்றாம் ஷெட்டுக்குள் வாயைத் திறந்து பேச முடியவில்லை.

வீட்டிலும் நிம்மதியில்லை. குமரகுருவின் மனைவி அன்புச்செல்வி சந்தைக்குப் போய்விட்டு வந்து பையை வைத்ததும் வைக்காததுமாக ஆரம்பித்தாள்.

“ஏனுங்க, உங்க பண்ணைக்குப் புதுசா வந்திருக்கறாரே, அவரச் சந்தையில பாத்தேன். கத்திரிக்கா வாங்கறதுக்குக்கூட என்ன கவனங்கறீங்க! ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, சுத்திப் பாத்து, தட்டிப் பாத்து எடுக்கறாரு. நானும் அவரு எடுத்த கூடையிலயே எடுத்தேன்.”

“கத்திரிக்காயத் தட்டிப் பாக்கறதுல என்ன தெரியும்?”

“உங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியுது.”

அன்றைக்குச் சாப்பாட்டில் பாதிக் கத்திரிக்காய் சொத்தையாக இருந்தது. “நான் எடுத்தது அப்படி. அவரு எடுத்தது நல்லா இருந்திருக்கும்,” என்று அன்புச்செல்வி பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் மத்தியானம் பண்ணையில் சாப்பிடும்போது குமரகுரு ஈயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கேட்டால் இவனிடம் யோசனை கேட்டதாக ஆகிவிடும். ஆனால் சபரிநாதன் கேட்காமலே சொன்னான்.

“காத்து நல்லா அடிச்சா எச்சம் காஞ்சிரும் சார். காஞ்சா ஈ நிக்காது. பெரிய ஃபேனா நாலு வெச்சுப் பாக்கலாங்க.”

குமரகுரு தயிர் சாதத்தை முடிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, “பேங்க் வரைக்கும் போயிட்டு வாரேன்,” என்று வண்டியை எடுத்தார். நேராகக் கல்யாண மண்டபத்துக்குப் போனார். அடுத்த முகூர்த்தம் வரைக்கும் சும்மாதானே கிடக்கிறது என்று, பந்திக் கூடத்தில் வைக்கிற டிரம் மாதிரிப் பெரிய ஃபேன்களைக் கேட்டார். சபரிநாதன் சொன்னது நான்கு. குமரகுரு எட்டுக் கொண்டுவந்தார்.

எட்டையும் ஒரே நேரத்தில் ஓட விட்டார். விமானம் புறப்படுகிற சத்தம். எட்டாயிரம் கோழிகள் கூண்டுக்குள்ளேயே ஒரு முழம் எழும்பின. இறகு பஞ்சுமெத்தை கிழிந்த மாதிரிப் பறந்தது. ஆனால் ஈ போய்விட்டது. ஒரு ஈ இல்லை. குமரகுரு கண்ணில் விழுந்த இறகைத் தட்டிவிட்டு, சபரிநாதனை ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பார்வை முடிவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாப்பாயி வந்தாள். பண்ணைக்குக் கிழக்கே அடுத்த தோட்டம் அவளுடையது. இடுப்பில் முந்தானையைச் செருகியிருந்தாள்.

“ஏனுங்க சார், ஈய வெரட்டறதுன்னா எங்கூட்டுக்கா வெரட்டி உடுவீங்க?”

“காத்துங்க, பாப்பாயக்கா. காத்து எந்தப் பக்கம் போகுதோ…”

“நாயித்துக்கெழம எம்புள்ள மோனிஷாவப் பொண்ணு பாக்க ராசிபுரத்துலருந்து வாராங்க. பழகிப் பாக்கலாம்னு இன்னிக்குக் கேசரி கிண்டி வெச்சேன். திராட்ச எது, ஈ எதுன்னு தெரிய மாட்டேங்குது! நீங்க வந்து பொறுக்கிக் குடுக்கறீங்களா?”

குமரகுரு ஃபேன்களை மேற்கே திருப்பினார். மேற்கே தீவன அறை. மக்காச்சோள மாவு முழுக்க எழும்பி, உள்ளே மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் வெள்ளையாக வெளியே வந்தார்கள். திரும்பவும் கிழக்கே திருப்பினார். பாப்பாயி திரும்பவும் வந்தாள்.

இரண்டு நாளில் முட்டை எண்பத்து நான்கு சதவீதத்துக்கு இறங்கியது. பயந்த கோழி முட்டையிடாது. அது குமரகுருவுக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷமாக ஷெட்டுக்குள் செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று ஆட்களைச் சத்தம் போட்டவரே அவர்தான். ஆனால் இப்போது அவருக்குக் கோழி ஞாபகம் இல்லை. கண்ணை மூடினால் இரண்டு பேனாதான் தெரிந்தது.

முதலாளி போன் செய்தார். “என்னப்பா, எண்பத்து நாலுங்கறாங்க? சபரி அங்க இருந்துமா இப்படி? அவங்கிட்டக் கேட்டியா?”

‘சபரி அங்க இருந்துமா.’ குமரகுரு அதைத் தனக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் குத்தியது.

அன்று சாயங்காலம் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது சபரிநாதன் ஆராயியிடம் பேசுவது காதில் விழுந்தது. தற்செயலாக விழவில்லை. அதற்காகத்தான் அவர் அங்கே நின்றார்.

“கோழி பயந்து போயிருக்குதுங்கக்கா. பாட்டுப் போட்டா பயந் தெளியும்னு ஒரு வீடியோல பாத்தேன். ஞாயித்துக்கெழம கொஞ்சம் போட்டுப் பாக்கலாம்.”

“அட, பாட்டா? நல்ல யோசனைங்க தம்பி!”

சனிக்கிழமையே குமரகுரு மைக் செட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். ஞாயிறு காலையில் சபரிநாதன் வருவதற்கு முன்பே ஷெட்டின் நான்கு மூலையிலும் நான்கு குழாய் ஸ்பீக்கர்கள் ஏறிவிட்டன.

“மெதுவா, இதமா எதாவது போடுங்க,” என்றார்.

“எங்கிட்ட ரெண்டுதானுங்க இருக்குது. ஒண்ணு கோயில் நோம்பிக்கு, ஒண்ணு கல்யாணத்துக்கு,” என்றார் மைக் செட்டுக்காரர்.

கோயில் திருவிழாப் பாட்டு என்றால் பறையும் உடுக்கையும் இருக்கும். கோழி தாங்காது. “கல்யாணமே போடுங்க.”

நாதஸ்வரம் இதமாகத்தான் ஆரம்பித்தது. கோழிகள் கழுத்தைச் சாய்த்துக் கேட்டன. குமரகுருவுக்கே மனசு லேசானது. பதினொரு மணி வாக்கில், யாரும் எதிர்பாராத நேரத்தில், தாலி கட்டும் கட்டம் வந்துவிட்டது. நான்கு குழாயிலும் ஒரே சமயத்தில் கெட்டிமேளம் இடியாக இறங்கியது.

கோழிகள் கத்திய கத்தல் ராசிபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் ராசிபுரம் அப்போது பாப்பாயி வீட்டில் உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மோனிஷாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாசலில் சுற்றிய ஈயையும் பார்த்துவிட்டு, “ஊட்டுக்குப் போயிக் கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க,” என்று எழுந்த நேரம். கெட்டிமேளம் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“கேட்டீங்களா?” என்றாள் கணவனிடம். “நம்ம வாயில வேண்டாங்கற வார்த்த வாரதுக்குள்ள சாமியே மேளங் கொட்டிருச்சு.”

அந்த இடத்திலேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

சாயங்காலம் பாப்பாயி பெரிய டப்பா நிறையக் கேசரியோடு வேலியைத் தாண்டி வந்தாள். முகமெல்லாம் பல். பத்து நாளில் முதல் தடவையாகக் குமரகுருவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

“சபரித் தம்பி எங்கீங்க சார்?” என்றாள் பாப்பாயி.

“எதுக்கு?”

“பாட்டுப் போடச் சொன்னது அந்தத் தம்பிதான்னு ஆராயி சொன்னா. எம்புள்ளைக்கு வழி காட்டுன சாமி அது.”

“ஸ்பீக்கர் கட்டுனது நானுங்க.”

“ஆமாங்க, ஈ உட்டதும் நீங்கதான்.” பாப்பாயி டப்பாவோடு அவரைத் தாண்டிப் போனாள்.

சபரிநாதன் நிதானமாகக் கேசரி சாப்பிட்டான். ஒரு கரண்டி எடுத்துக் காகிதத்தில் வைத்து, “எடுத்துக்கங்க சார்,” என்று நீட்டினான். குமரகுரு வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். கை வாங்கிவிட்டது. கேசரி நன்றாக இருந்தது. அது இன்னொரு எரிச்சல்.

மறுநாள் எழுபத்தொன்று. ஓடில்லாத முட்டைகள் கூண்டுத் தட்டில் தோலோடு தொளதொளவென்று கிடந்தன.

இந்தத் தடவை முதலாளி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “குமரு, மாசக் கடைசில நான் நேர்ல வாரேன். உனக்கும் வயசாகுது. பேசாம பொறுப்ப சபரி கையில குடுத்துப் பாக்கலாமான்னு இருக்குது. நீ யோசிச்சு வெய்யி.”

நாற்பத்தேழு வயதில் வயசாகுது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. குமரகுரு தன் நாற்காலியைப் பார்த்தார். கைப்பிடி உடைந்து சணல் கயிறு சுற்றிய நாற்காலி. அதில் வெள்ளைச் சட்டையும் இரண்டு பேனாவும் உட்கார்ந்திருக்கிற மாதிரித் தெரிந்தது. கீழே ஸ்டூலில் தான் உட்கார்ந்து பேப்பர் கப்பில் டீ குடிக்கிற மாதிரியும் தெரிந்தது.

நல்லவேளையாக அந்த வாரம் சபரிநாதன் தங்கச்சி கல்யாணம் என்று பத்து நாள் லீவில் ஊருக்குப் போனான்.

அவன் போனதும் குமரகுருவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒட்டுக்கேட்க ஆளில்லை; முந்திக்கொள்ள யோசனை இல்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, கை பழக்கத்தில் எழுந்து போய், மூன்றாம் ஷெட்டுக் குழாயின் கடைசி மூடியைக் கழற்றிப் பாசியைக் கழுவினார். திருகைப் பழைய அளவுக்கு இறக்கினார். கெட்டுப்போன நிப்பிள்களை மாற்றினார். எச்சத்தின் மேல் சுண்ணாம்புத் தூள் போடச் சொன்னார். ஃபேன் மண்டபத்துக்கும் ஸ்பீக்கர் மைக் செட்டுக்காரருக்கும் போயின. தண்ணீரில் வைட்டமின் கலந்தார். கோழிக்குப் பழகின அதே பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே நேரத்துக்கு, சத்தமில்லாமல் ஷெட்டுக்குள் நடந்தார். இதையெல்லாம் அவர் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. மனசெல்லாம் சபரிநாதன் திரும்பி வந்து என்ன செய்யப்போகிறானோ என்பதிலேயே இருந்தது.

ஈ குறைந்தது. கோழி அடங்கியது. எழுபத்தெட்டு, எண்பத்து மூன்று, எண்பத்தாறு என்று ஏறிக்கொண்டே வந்தது.

பதினோராம் நாள் காலையில் சபரிநாதன் வந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றினான். கூரையை அண்ணாந்து பார்த்தான்.

“இப்ப பரவால்லீங்க சார்,” என்றான்.

அதே நேரம் முதலாளியின் போன். “இன்னிக்கு எவ்வளவு?”

“தொண்ணூறுங்க மொதலாளி!” குமரகுருவின் குரல் உடைந்தது.

“தொண்ணூறா! சபரி வந்துட்டானா?”

“இப்பத்தானுங்க வந்தாரு. ஆனா…”

“பாத்தியா! கால வெச்ச ஒடனே ஏறிருச்சு. அதுதாம்பா கெட்டிக்காரத்தனங்கறது. சரி, போன வெய்யி.”

குமரகுரு அன்றைக்குச் சாப்பிடவில்லை. அன்புச்செல்வி தட்டை வைத்துவிட்டு, “அவரு வந்ததும் முட்ட ஏறிருச்சாமே?” என்று கேட்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அங்கே முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. இந்த ஒன்றைச் சபரிநாதன் சொல்லவில்லை. முழுக்க முழுக்க அவருடைய சொந்த யோசனை.

கெட்டிக்காரனைக் குறை சொல்லி விரட்ட முடியாது. பாராட்டித்தான் விரட்ட முடியும்.

எங்கே விரட்டுவது என்பதும் உடனே தெரிந்துவிட்டது. அயோத்தியாப்பட்டணம் பண்ணை. அங்கே மேனேஜர் கண்ணுசாமி. ஒவ்வொரு மீட்டிங்கிலும் “தொண்ணூத்து நாலுங்க” என்று சொல்லிவிட்டுக் குமரகுருவைப் பார்த்துச் சிரிக்கிற கண்ணுசாமி. அவனும் கொஞ்ச நாள் வயிறு எரிந்து பார்க்கட்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மறுநாள் காலையில் முதலாளிக்குப் போன் செய்தார்.

“மொதலாளிங், மனசுல பட்டதச் சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. சபரிநாதன் மாதிரி ஒரு ஆள என்ற சர்வீஸ்ல பாத்ததில்லீங்க. ஒரு கொழாயப் பாத்தா அதுக்கு என்ன நோவுன்னு சொல்லிப்போடறாரு. அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரரு இந்த ஒரு சின்னப் பண்ணையில அடஞ்சு கெடக்கலாமுங்களா? அயோத்தியாப்பட்டணம் பெரிய பண்ணைங்க. நம்ம கண்ணுசாமிக்கும் பாவம், ஒத்தாசைக்கு ஆளில்ல. எனக்கு உடவே மனசில்லீங்க. ஆனா பண்ணை நல்லதுன்னு ஒண்ணு இருக்குதுங்களே?”

வார்த்தைகள் எப்படி இவ்வளவு சரளமாக வருகின்றன என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“குமரு,” என்றார் முதலாளி தழுதழுத்து, “உன்ன மாதிரிப் பெரிய மனசு யாருக்கு வரும்? சரி, அனுப்பிரலாம். நீயே இருந்து உன்ற பண்ணையப் பாத்துக்க.”

பத்தொன்பது வருஷத்தில் கேட்ட முதல் பாராட்டு. அதுவும் சபரிநாதனால்தான் கிடைத்தது என்று நினைத்தபோது அந்த இனிப்பிலும் கொஞ்சம் கசந்தது.

ஒரு வாரத்தில் வண்டி வந்தது. ஒன்பது பண்ணைக்கும் மருந்து, அட்டை, ஆள் என்று எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிற கம்பெனிப் பிக்கப் வேன். டிரைவர் சின்னண்ணன் பதினைந்து வருஷமாக அதை ஓட்டுகிறவர். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு இஸ்திரிப் பெட்டி. ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

குமரகுரு சபரிநாதனுக்குப் பூந்துவாலை போர்த்தினார். பெண்கள் சுற்றி நின்றார்கள். பாப்பாயி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைச் சிந்தினாள். எல்லோரும் கலங்குவதைப் பார்த்ததும், இவன் இனிமேல் இங்கே இருக்கமாட்டான் என்ற நிம்மதியில் குமரகுருவுக்கும் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது.

“உங்ககிட்ட நெறையாக் கத்துக்கிட்டனுங்க சார்,” என்றான் சபரிநாதன், வழக்கமான நிதானத்தோடு. பிறகு ஆராயி கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, கூரையைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க ஷெட் பக்கம் நடந்தான்.

குமரகுரு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேன் பக்கம் வந்தார். வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் ஊரெல்லாம் போகிற டிரைவர் காதிலும் ஒரு வார்த்தை போட்டு வைத்தால் கண்ணுசாமி வரைக்கும் போய்ச் சேரும் என்று தோன்றியது.

“சின்னண்ணே, பத்தரமாக் கூட்டிட்டுப் போங்க. பெரிய கெட்டிக்காரரு. அனுப்பவே மனசில்ல.”

சின்னண்ணன் கயிற்றை முடிச்சுப் போட்டார். ஷெட் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கிட்டே வந்து, குமரகுருவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இந்தப் பொட்டிய நான் ஏத்தறது இது ஆறாவது பண்ணைங்க சார். இதுக்கு முந்தி அஞ்சு மேனேஜரும் உங்களாட்டவே ‘பெரிய கெட்டிக்காரரு, உடவே மனசில்ல’ன்னு சொல்லித்தான் ஏத்தி உட்டாங்க. ஒண்ணுந் தெரியாத ஆளு, யோசனை சொல்லியே பண்ணையப் படுக்க வெச்சுருவாருன்னு உள்ளதச் சொன்னா, அடுத்த பண்ணையில எவன் சார் எறக்கிக்குவான்? ஆனா அவங்களுக்கெல்லாம் அதக் கண்டுபுடிக்க ஒரு வருசம், ஒண்ணர வருசம் ஆச்சுங்க. ஒரே மாசத்துல கண்டுபுடிச்சு, கண்ணுல தண்ணியோட தள்ளி உட்டீங்க பாருங்க, நெசமாலுமே கெட்டிக்காரரு நீங்கதாஞ் சார்!”